சேற்றின் மூச்சு

மழை ஓய்ந்த ஒரு மாலை. கண்டி வாவியின் மதிலோரமாக நானும் என் இளைய மகளும் நடந்துகொண்டிருந்தோம். காற்று இல்லை. ஓர் இலைகூட நீரின்மேல் விழவில்லை. ஆயினும் கரையை அடுத்த ஓரிடத்தில், நீருக்கடியிலிருந்து சிறு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, மேலே வந்து உடைந்து மறைந்தன. சற்றே நின்று, மீண்டும் எழுந்தன.

"தண்ணிக்குள்ளை ஆரப்பா மூச்சு விடுகினம்?" என்று கேட்டாள் பிள்ளை.

"ஆமையாக இருக்கும்" என்றேன். வீடு திரும்பும் அவசரம் எனக்கு.

"ஆமை எண்டால் நகருமே. இது ஒரே இடத்திலையல்லோ வருகுது!"

பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பிடிபட்டேன். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடஞ் சொல்பவன், ஒரு நீர்க்குமிழிக்குப் பொய்க்காரணம் கூறலாமா? "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தவணை கேட்டுக்கொண்டேன். அந்த 'நாளை' பல வாரங்களாக நீண்டு, கண்டியிலிருந்து மூதூர்க் கரைவரை என்னை இழுத்துச் சென்றுவிட்டது. அந்தக் கதையையே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்லப் புகுகின்றேன்.

எரியும் குமிழி

அக்குமிழிக்குள் இருந்தது பெரும்பாலும் மெதேன் என்னும் வாயு. ஒரு காபன் அணுவும் நான்கு ஐதரசன் அணுக்களும் சேர்ந்தது. நிறமில்லை, மணமும் இல்லை, தீப்பட்டால் எரியும். சதுப்பு நிலங்களில் இரவில் நெருப்பைக் கக்கிக்கொண்டு திரிவதாகச் சொல்லப்படும் கொள்ளிவாய்ப் பிசாசின் கதைக்கு இந்தச் சேற்று வாயுவே மூலமாயிருக்கலாம் என்று கருதுவோர் பலர்.

பிசாசைப் பிடித்துப் போத்தலில் அடைத்தவர் இத்தாலிய விஞ்ஞானியாகிய அலெசாந்திரோ வோல்ற்றா. மின்கலத்தைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்ற அதே வோல்ற்றாதான். 1776-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மஜோரே என்னும் ஏரியின் ஓரத்துச் சேற்றை ஒரு கோலாற் கிளறி, எழுந்த குமிழிகளை நீர் நிரப்பிக் கவிழ்த்த போத்தலில் ஏந்தினார். அதற்குத் தீயிட்டபோது நீலச் சுடருடன் எரிந்தது. மக்கிய இலை தழைகளிலிருந்தே இவ்வாயு உண்டாகின்றது என்று அவர் ஊகித்தார். ஆனால் அதனை உண்டாக்குபவர் யார் என்பதை அறிய உலகம் நூறாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

உண்டாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள். நமக்கு உயிராகிய ஒட்சிசன் அவற்றுக்கு நஞ்சு. ஆகவே காற்றுப் புகாத இடந்தேடி அவை ஒதுங்கி வாழ்கின்றன. குளத்தின் அடிச்சேறு, நெல்வயலின் உளை, பசுவின் இரைப்பை, நகரத்துக் குப்பைமேட்டின் உட்பகுதி ஆகிய யாவும் அவற்றின் இருப்பிடங்களே.

இவை தாமாக ஓர் இலையை உண்ண மாட்டா. இலையை முதலில் வேறு நுண்ணங்கிகள் சர்க்கரைகளாக உடைக்கும். வேறு சில அவற்றைப் புளிக்கச் செய்யும். அப்போது வினாகிரியின் புளிப்பாகிய அசற்றிக் அமிலமும், ஐதரசனும், காபனீரொட்சைட்டும் மிஞ்சும். பந்தி முடிந்த பின் எஞ்சிய இவற்றையே நமது நுண்ணங்கிகள் உண்டு, மெதேனை வெளிவிடுகின்றன. சேற்றுச் சமையலில் இவை கடைசிப் பந்திக்காரர்.

இவர்களின் வாழ்க்கை எத்துணை ஒட்டுறவானது என்பதற்கு ஒரு வரலாறுண்டு. மதுசாரத்தை உண்டு மெதேனை விடும் ஒரு நுண்ணங்கியை ஆய்வுசாலைகளில் நெடுங்காலம் வளர்த்து வந்தார்கள். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் நுணுகி ஆராய்ந்தபோது, ஒன்றென்று எண்ணியது உண்மையில் இரண்டு என்பது தெரியவந்தது. ஒன்று மதுசாரத்தை உண்டு ஐதரசனை விடுகின்றது. மற்றது அந்த ஐதரசனை உண்டு மெதேனாக்குகின்றது. ஐதரசன் தேங்கி நின்றால் முதலாவதற்கு வாழ்வில்லை; ஐதரசன் கிடையாவிட்டால் இரண்டாவதற்கு வாழ்வில்லை. இல்லறத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அதிலும் பெரிய வியப்பு 1977-இல் வந்தது. இலினோய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வூஸ், ஜோர்ஜ் பொக்ஸ் என்னும் இருவர் மெதேன் ஆக்கிகளின் உட்பொருளை மற்றைய நுண்ணங்கிகளினதோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அவை பற்றீரியா இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பது புலனாயிற்று. உயிர்க்குலத்தில் அதுவரை எவரும் அறியாத தனிக் கிளை ஒன்று அது. இன்று அதனை ஆர்க்கியா என்பர். ஆதி என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஒட்சிசன் இல்லாதிருந்த பழம்பூமிக்கு ஏற்ற வாழ்க்கையை இன்றும் சேற்றுக்குள் நடத்தும் இவற்றுக்கு அப்பெயர் பொருத்தமே.

பழம்பூமியைப் பற்றிப் பேசுங்கால் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே, மெதேனும் அமோனியாவும் நீரும் சேர்ந்த கலவைமேல் இலத்திரன் கற்றையைச் செலுத்தி, உயிர்களின் மரபுப்பொருளில் இடம்பெறும் அடினினை உண்டாக்கிய குழுவில் முதன்மையானவர். அவரே 1980-களில் நமது கண்டி ஹந்தானை மலைச்சாரலில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குப் பணிப்பாளராக வந்தார்.

வாவியிலிருந்து குடாவுக்கு

இவற்றையெல்லாம் படித்து, பிள்ளைக்கு விளங்கும் வகையிற் சொல்லி முடித்தேன். அவள் கேட்டாள்: "அப்ப வாவித் தண்ணி கடலுக்குப் போனால், அங்கையும் குமிழி வருமோ?"

வாவி நிரம்பி வழியும் நீர், சிங்களத்தில் மெத எல எனப்படும் நடுக் கால்வாய் வழியே நகரத்தின் ஊடாகச் சென்று மகாவலியில் விழுகின்றது. மகாவலி மலைநாட்டைச் சுற்றிச் சமவெளியில் இறங்கி, திருக்கோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. அங்கே மூதூரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். பேராதனையில் ஒன்றாகப் படித்தவர், இரசாயன ஆசிரியர். விடுமுறையில் குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம்.

கேள்வியைக் கேட்டதும் அவர் சிரித்தார். "மாஸ்டர், நீர் புத்தகத்திலே தேடினீர். வாரும், சேற்றிலே காட்டுகிறேன்" என்றார். ஒரு புனல், இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், ஒரு நீண்ட தடி இவ்வளவுதான் அவருடைய ஆய்வுசாலை.

முதலில் ஆற்றோரமாக உள்நாட்டுப் பக்கம் சென்றோம். மகாவலி வெள்ளம் வற்றிய பின் தாழ்நிலங்களில் தேங்கி நிற்கும் நீர்நிலையை அப்பகுதியார் வில்லு என்பர். அத்தகைய ஒன்றின் கரையில், நன்னீருக்குள் புனல் பொருத்திய போத்தலைக் கவிழ்த்துப் பிடித்துத் தடியாற் சேற்றைக் குத்தினார். பொலபொலவென்று குமிழிகள் எழுந்தன. சிறிது நேரத்திற் போத்தலில் கால்வாசி வாயு சேர்ந்துவிட்டது. பிள்ளையை எட்ட நிற்கச் செய்து, வாயிலே தீக்குச்சியைக் காட்டினார். மங்கலான நீலச் சுடர் ஒரு கணம் துள்ளி அவிந்தது.

பின்னர் குடாவின் கரைக்கு வந்தோம். வற்றுப் பெருக்கு நேரம். கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே கரிய சேறு பளபளத்தது. தடியைக் குத்தியதும் அழுகிய முட்டையின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் குமிழிகள்? இங்கொன்றும் அங்கொன்றுமே. எவ்வளவு கிளறியும் போத்தலின் அடியை மூடுமளவு வாயுகூடச் சேரவில்லை.

"இங்கைதானே நாத்தம் கூட? அப்ப வாயுவும் கூடத்தானே வேணும், மாமா?" என்றாள் பிள்ளை.

"நாறுவது மெதேன் அல்ல, பிள்ளை. மெதேனைச் செய்ய விடாமல் தடுப்பவர்களின் நாற்றம் அது" என்றார் நண்பர்.

உப்பின் காவல்

அவர் விளக்கியது இது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் உள. அவற்றுள் சல்பேற்று மட்டும் ஏறத்தாழ 2.7 கிராம். ஆற்றுநீரில் அது மிகச் சிறிதளவே. சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கும் பற்றீரியாக்கள் கடற்சேற்றில் ஏராளம். நாம் ஒட்சிசனைக் கொண்டு செய்வதை அவை சல்பேற்றைக் கொண்டு செய்து, ஐதரசன் சல்பைட்டை விடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்வதாலேயே சேறு கருமையாகின்றது.

இந்தப் பற்றீரியாக்களும் மெதேன் ஆக்கிகளும் விரும்புவது ஒரே உணவு: ஐதரசனும் அசற்றிக் அமிலமும். பந்திக்கு முந்துபவை பற்றீரியாக்கள். ஐதரசனை அவை மிகக் குறைந்த அளவுக்கு வழித்துத் தின்றுவிடும். அவ்வளவு குறைந்த எச்சத்தைக் கொண்டு மெதேன் ஆக்கிகளால் வாழ முடியாது. ஆகவே கடல்நீர் ஊறும் சேற்றின் மேற்பகுதியில் அவை ஒடுங்கியே கிடக்கின்றன. கீழே, சல்பேற்று தீர்ந்துபோன ஆழத்திலேதான் அவற்றின் ஆட்சி.

எனினும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. மீன் பழுதாகும்போது எழும் வாடை நம் எல்லோருக்கும் தெரியும். திரைமெதைலமீன் என்னும் பொருளின் வாடை அது. உப்பைத் தாங்குவதற்காகக் கடலுயிர்கள் தம் உடலில் வைத்திருக்கும் பொருள்கள் சிதைந்து இது உண்டாகின்றது. மெதேன் ஆக்கிகளுட் சில இதனை உண்ணவல்லன. சல்பேற்றுப் பற்றீரியாக்கள் இதற்குப் பெரும்பாலும் போட்டியிடுவதில்லை. அதனாலேதான் கண்டற் சேற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழுந்தது.

கடல் வைத்த காவல் இன்னொன்றும் உண்டு. ஆழத்திற் பிறந்த மெதேன் மேலெழுந்து வரும். சல்பேற்று மேலிருந்து கீழே ஊறும். இரண்டும் சந்திக்கும் படையில், ஓர் ஆர்க்கியாவும் ஒரு சல்பேற்றுப் பற்றீரியாவும் திரளாகக் கூடியிருந்து மெதேனையே உணவாக்கிவிடுகின்றன. இத்திரள்களை ஜெர்மனியைச் சேர்ந்த அன்ட்யே போய்ட்டியஸ் அம்மையாரும் அவர் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் படம்பிடித்துக் காட்டினர். கடலடிச் சேற்றில் உண்டாகும் மெதேனின் பெரும்பகுதி நீரை எட்டுமுன்னரே இவ்வாறு தீர்ந்துவிடுகின்றது.

ஆகவே ஆறும் கடலும் கூடும் முகத்துவாரத்துச் சேறு வெறும் சேறன்று. அஃது ஒரு காவற்சாவடி. உப்பு மிகுந்த பக்கத்திற் காவல் வலிது. நன்னீர்ப் பக்கத்திற் காவல் தளர்வு. மாரியில் ஆறு பெருகும்போதும், கோடையிற் கடல் உள்ளேறும்போதும் அந்த எல்லை முன்னும் பின்னும் நகரும்.

காவல் உடையும் இடம்

"அப்படியானால் கவலையில்லை. கடல் பார்த்துக்கொள்ளும்" என்றேன் நான்.

நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. தடியை ஆற்றுநீரிற் கழுவிக்கொண்டே, "காவல்காரனுக்கும் ஓர் அளவு உண்டு, மாஸ்டர். நீங்கள் மேலே இருந்து விடுவதை நாங்கள் கீழே இருந்து வாங்குகிறோம்" என்றார்.

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆயினும் சுட்டது. சல்பேற்றின் இருப்பு எல்லையற்றதன்று. சாக்கடையும் குப்பையும் எருவும் அளவுக்கு மிஞ்சி வந்து படிந்தால், பற்றீரியாக்கள் அவற்றை உண்டு உண்டு சேற்றின் மேற்படையிலுள்ள சல்பேற்றை முழுதும் தீர்த்துவிடும். அப்போது மெதேன் ஆக்கிகளின் எல்லை மேலே ஏறிவரும். மெதேனை உண்ணும் படைக்கு அதனைப் பிடிக்க அவகாசம் இராது. வாயு குமிழியாகத் திரண்டு நேரே வானுக்குப் போய்விடும்.

இது வெறும் ஊகமன்று. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூர்வஜா, ரமேஷ் ஆகியோர் தென்னிந்தியக் கரையோரத்தில் மெதேனை அளந்து 2001-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக் கண்டற்காட்டையும், சென்னையின் கழிவைச் சுமக்கும் அடையாற்று முகத்துவாரத்தையும், எண்ணூர்க் கழியையும் ஒப்பிட்டார்கள். மனிதரின் கழிவு சேரும் இடங்களிலே மெதேன் மிகுதியாக வெளிப்படுவதைக் கண்டார்கள்.

மெதேன் மிகுந்தால் என்ன? நூறாண்டுக் கணக்கில் நோக்கினால், அது நிறைக்கு நிறை காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தை வளியில் தடுத்து வைக்கவல்லது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளிமண்டலத்தின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 0.7 பங்காக இருந்த மெதேன், இன்று 1.9 பங்கைத் தாண்டிவிட்டது. ஆனால் ஓர் ஆறுதல்: காபனீரொட்சைட்டைப் போலப் பல நூற்றாண்டு தங்குவதன்று இது; ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே அதன் சராசரி ஆயுள். ஆகவே மெதேனைக் குறைத்தால் அதன் பயனை நம் பிள்ளைகள் மாத்திரமன்றி நாமே காணலாம்.

இனி நம் ஊரை நோக்குவோம். 1807-ஆம் ஆண்டளவில் சிறீ விக்கிரம இராசசிங்க மன்னன் அமைத்த வாவியைப் பாற்கடல் என்றே மக்கள் அழைத்தனர். 1999-இல் அப்பாற்கடலில் நுண்பாசி பெருகி நீர் பச்சை நிறமாயிற்று. நடுக் கால்வாய் நகரத்தின் கழிவைச் சுமக்கின்றது. கொஹாகொடையில் ஆற்றங்கரையை அடுத்தே குப்பைமேடு வளர்ந்தது. அதன் ஊறல்நீர் மகாவலியை நாடுகின்றது.

இவை யாவும் கொட்டியாரக் குடாவரை செல்வதில்லை என்பது உண்மை. கண்டிக்குக் கீழே 1976-இல் பொல்கொல்லை அணையும், 1985-இல் விக்டோரியா அணையும் எழுந்தன. ஆற்றோடு வரும் வண்டலிலும் கழிவிலும் பெரும்பகுதி தேக்கங்களின் அடியிலேயே படிந்துவிடுகின்றது. ஆனால் அதனால் நாம் மகிழ்வதற்கில்லை. தேக்கத்து நீர் நன்னீர். அங்கே கடலின் காவல் கிடையாது. வில்லிலே நாங்கள் கண்ட நீலச் சுடரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மூதூரார் வாங்காததை நாமே இங்கு வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவே வேறுபாடு.

வீட்டுக் குழாய்

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் முதல் வேலையாக எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் எங்கே போகின்றது என்று பார்த்தேன். பதினான்கு ஆண்டுகளாக அவ்வீட்டிற் குடியிருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. சோற்றுக் கஞ்சியும், பாத்திரங் கழுவிய நீரும், மீன் கழுவிய நீரும் மதிலின் பின்னே ஒரு திறந்த வடிகாலில் விழுந்து, தெருச் சாக்கடையோடு சேர்ந்து, கால்வாயை நோக்கி ஓடின. மாணவர்க்குச் சுற்றாடலைப் பற்றிக் கட்டுரை எழுதப் பயிற்றுபவனின் வீட்டுக் குழாய் இது.

இப்போது பின்வளவில் கல்லும் மணலும் இட்ட ஊறல்குழி ஒன்று வெட்டியிருக்கிறோம். காய்கறித் தோலும் மிச்சமும் கூட்டெருக் குவியலுக்குப் போகின்றன. அக்குவியலை வாரம் ஒருமுறை கிளறிப் புரட்டுவது பிள்ளையின் பொறுப்பு. புரட்டினால் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் மெதேன் ஆக்கிகள் அங்கே குடியேற மாட்டா. மாடு வளர்ப்போர் சாணத்தை மூடிய தொட்டியிலிட்டு, அதே நுண்ணங்கிகளை வேலைக்கமர்த்தி, வரும் வாயுவை அடுப்பில் எரிக்கலாம். எரிந்த மெதேன் காபனீரொட்சைட்டாக மாறிவிடுவதால் தீங்கு பெரிதும் குறையும், விறகும் மிஞ்சும்.

ஒரு வீட்டுக் குழாயை அடைத்ததால் மகாவலி தூய்மையாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நகரத்துக் கழிவுநீருக்கு நகரமே வழிசெய்தல் வேண்டும்; குப்பையைத் தரம் பிரிக்க ஊரே ஒருப்பட வேண்டும். ஆயினும் தம் வீட்டுக் குழாய் எங்கே போகின்றது என்று அறியாத மக்கள், நகரத்தின் குழாயைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

சென்ற வாரம் மீண்டும் வாவிக்கரைக்குப் போனோம். அதே இடத்தில் குமிழிகள் எழுந்துகொண்டுதான் இருந்தன. பிள்ளை மதிலிற் சாய்ந்து நின்று எண்ணத் தொடங்கினாள். நாற்பது வரை எண்ணிவிட்டு, "நாங்கள் குடுத்ததைத்தானே அப்பா திருப்பித் தருகினம்" என்றாள்.

இம்முறை நான் ஆமையின்மேல் பழிபோடவில்லை.